சீட்டு வாங்கியவர்களும் வாசலில் நின்றவர்களும்

எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் சீட்டு. எழுதிய தேதி கி.பி. 250 ஜூன் 26. அலெக்சாண்டர் தீவு என்ற கிராமத்தில் பலிகளை மேற்பார்க்க நியமிக்கப்பட்டவர்களுக்கு, சதபூஸ் மகன் அவுரேலியுஸ் தியோகேனஸ், வயது 72, வலது புருவத்தில் தழும்பு, எழுதிக்கொள்வது என்னவென்றால்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி கொடுத்து வருகிறவன், இப்போதும் அரசாணைப்படி உங்கள் கண் முன்னால் பலியிட்டேன், பானம் வார்த்தேன், படைத்ததில் கொஞ்சம் சாப்பிட்டேன், இதற்குக் கீழே சான்று எழுதித் தரவும். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதுவார்களே, அந்தத் தழும்பு அதற்குத்தான். ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாது.

இந்த மாதிரிச் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. ரோமைப் பேரரசில் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று பேரரசர் டெசியுஸ் போட்ட ஆணையின் விளைவு அது. எல்லோரும் என்றால் எல்லோரும்தான். முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்திகூடப் போய்ச் சீட்டு வாங்கியிருக்கிறாள், அவளுடைய சீட்டும் இருக்கிறது. அவளுக்கு அது ஒரு அலுவல் தொந்தரவு, அவ்வளவுதான். கிறிஸ்தவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு சிட்டிகை தூபத்தை நெருப்பில் போட்டால் வேதத்தை, அதாவது தங்கள் விசுவாசத்தை, மறுதலித்தாயிற்று. போடாவிட்டால் சிறை, சித்திரவதை, சொத்துப் பறிமுதல், சில இடங்களில் சாவு. ரோமையின் ஆயர் (பிஷப்) ஃபபியான் 250 ஜனவரி 20ஆம் தேதியே கொல்லப்பட்டார்.

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சிகளைப் பற்றி எங்களுக்கு நிறையச் சொல்வார்கள். சிங்கம், வாள், கொதிக்கிற எண்ணெய். மற்றவர்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அந்த வருஷம் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் பணிந்துவிட்டார்கள் என்பதை நான் வளர்ந்து, சொந்தமாக வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்றைய துனிசியாவில் இருக்கிற கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்ரியான் இதை எழுதி வைத்திருக்கிறார். யாரும் பிடித்து இழுக்கும் முன்பே ஜனங்கள் தாங்களாகவே பலிபீடத்துக்கு ஓடினார்களாம். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோதும், இல்லை, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. ஒரு தாலுகா ஆபீஸ் கூட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால், கொடூரத்தைவிட அதிலிருக்கிற சாதாரணத்தனம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

இன்னொரு கூட்டமும் இருந்தது. இவர்கள் பலியிடவே இல்லை. அதிகாரிக்குக் காசு கொடுத்து, பலியிட்டதாகச் சீட்டு மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சொல்லக்கூடிய நியாயத்தை சிப்ரியானே ஒரு கடிதத்தில் எடுத்துச் சொல்கிறார்: 'சிலைக்குப் பலியிடக் கூடாது என்று ஆயர் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அதிகாரியிடம் போனேன், நான் கிறிஸ்தவன், எனக்குப் பலியிட அனுமதி இல்லை, இந்தக் காசை வைத்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்றேன்.' கை சுத்தம், வாயும் சுத்தம், மனசாட்சி மட்டும் அழுக்கு என்று சிப்ரியான் சொல்கிறார். லஞ்சம் கொடுத்து வேதத்தைக் காப்பாற்றிய இந்த மனிதரை எனக்கு ஏனோ மிகவும் நெருக்கமாகத் தெரியும் போலிருக்கிறது.

சரி, ஒரு வருஷத்தில் புயல் அடங்கியது. 251இல் டெசியுஸ் கோத் இனத்தாரோடு நடந்த போரில் செத்துப்போனார். பணிந்தவர்கள் எல்லோரும் கிறிஸ்தவக் கோயில் வாசலில் வந்து நின்றார்கள். அழுதார்கள். எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

இன்றைக்கு நமக்கு இதில் என்ன சிக்கல் என்றே புரியாது. குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. ஞானஸ்நானத்தில் எல்லாப் பாவமும் போய்விடும், அதற்குப் பிறகு கனமான பாவம் செய்தால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, எல்லோருக்கும் தெரியும்படி தவம் இருந்து, பிறகு சேர்த்துக்கொள்ளப்படலாம். அதுவும் கொலை, விபசாரம், சிலைவழிபாடு என்ற மூன்றுக்கும் அந்த வழிகூட உண்டா என்பதில் சபைக்குச் சபை வேறுபாடு. ஆப்பிரிக்க ஆயர்களிலேயே சிலர் விபசாரம் செய்தவர்களுக்குக் கதவை முழுவதுமாக அடைத்திருந்தார்கள். வேதாகமத்திலும் கண்டிப்பானவர்களுக்குக் கைகொடுக்கிற வசனங்கள் இருக்கத்தான் செய்கின்றன: மனிதர் முன்பாக என்னை மறுதலிக்கிறவனை நானும் என் தந்தையின் முன்பாக மறுதலிப்பேன் என்று சொன்னது இயேசுவேதான். மறுபக்கத்தில் சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலித்த பேதுரு இருக்கிறார், அவரிடமே ஆடுகளை ஒப்படைத்த அதே இயேசுவும் இருக்கிறார். காணாமல்போன ஆடு, ஊதாரி மகன், துன்மார்க்கன் சாவதில் எனக்குச் சந்தோஷமில்லை என்கிற எசேக்கியேலின் கடவுள். இரண்டு பக்கமும் வசனம் தாராளமாக இருக்கிறது. வசனத்தை மட்டும் வைத்துச் சண்டையை முடிக்க முடியாது என்பதை அன்றைக்கே பார்த்துவிட்டார்கள்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பணிந்தவர்கள் ஆயரிடம் போவதற்கு முன்னால் சிறைக்குப் போனார்கள். சித்திரவதை பட்டும் மறுதலிக்காமல் சிறையில் கிடந்தவர்களுக்குச் சபையில் பெரிய மரியாதை. அவர்கள் பரிந்து பேசினால் கடவுள் கேட்பார் என்பது ஜனங்களின் நம்பிக்கை. ரோமையிலிருந்து செலரினுஸ் என்பவர் கார்த்தேஜ் சிறையிலிருந்த தன் நண்பர் லூசியனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. செலரினுஸ் தானும் சிறைப்பட்டுத் தாக்குப்பிடித்தவர். ஆனால் சகோதரிகள் என்று அவர் குறிப்பிடுகிற நுமேரியா, கான்டிடா என்ற இரண்டு பெண்கள் விழுந்துவிட்டார்கள். ஒருத்தி பலியிடப் பாதி வழி ஏறிப்போய், காசு கொடுத்துவிட்டு, பலியிடாமலே இறங்கி வந்தவள். பாஸ்கா (ஈஸ்டர்) விழாக் காலத்தைக்கூட அழுதுகொண்டே கழித்தேன் என்கிறார் செலரினுஸ். அப்புறம் அவர்களுக்காக வாதாடுகிறார்: கார்த்தேஜிலிருந்து தப்பி வந்த நம் ஆட்கள் அறுபத்தைந்து பேரைத் துறைமுகத்துக்கே போய் அழைத்து வந்து, இன்றுவரை பராமரிப்பது இவர்கள்தான், இவர்களை மன்னித்துவிடுங்கள் என்று எழுதுகிறார். இந்தக் கடிதத்தை வாசித்தபோது மனந்திரும்புதல் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்கிற ஒரு விஷயத்துக்கு முதல் தடவையாக எனக்கு முகம் கிடைத்தது. அந்தப் பெண்கள் சாக்கு உடுத்தி மூலையில் உட்கார்ந்திருக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

லூசியன் மன்னிப்புக் கொடுத்தார். பக்கத்திலேயே ஆட்கள் பசியில் செத்துக்கொண்டிருந்த சிறையிலிருந்து கொடுத்தார். அந்தப் பெண்களோடு நிறுத்தியிருந்தால் சரி. எல்லோருக்கும் சமாதானம், அதாவது சபையில் திரும்பச் சேரும் மன்னிப்பு, கொடுத்துவிட்டோம் என்று கைதிகள் அனைவர் பெயராலும் ஒரே வரியில் அறிவித்துவிட்டார். 'இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளவும்' என்று பெயர் குறிப்பிடாத சிபாரிசுச் சீட்டுகளும் சிறையிலிருந்து வெளியே வரத் தொடங்கின. ஒரு சீட்டைக் காட்டி இருபது முப்பது பேர் வந்து நிற்பார்களே, மாமன் மச்சான், வேலைக்காரர், விடுதலையான அடிமை எல்லோரும் சேர்ந்தவர்கள்தானே என்று சிப்ரியான் புலம்புகிறார். பலியிட ஒரு சீட்டு, பலியிட்டதை மன்னிக்க இன்னொரு சீட்டு.

சிப்ரியானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கலவரம் தொடங்கியதும் அவர் ஊரைவிட்டுப் போய் ஒளிந்துகொண்டார். ஆயர் பிடிபட்டால் சபை சிதறிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். 'இவரே ஓடிப்போனவர், இவர் யார் நம்மைச் சொல்ல' என்று கார்த்தேஜில் பேசாமல் இருந்திருப்பார்களா? ரோமைக் குருக்களிடமிருந்து வந்த ஒரு கடிதத்திலும் நல்ல மேய்ப்பன், கூலிக்காரன் என்றெல்லாம் ஜாடையாக எழுதியிருந்தார்கள். சிறைக் கைதிகளின் சீட்டுகளை அவர் எதிர்த்ததில் அதிகாரப் போட்டியும் கொஞ்சம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். யார் மன்னிப்பது என்ற கேள்வியில் ஆயர்கள் என்றைக்கும் உஷார். ஆனாலும் பின்னால் 258 செப்டம்பர் 14ஆம் தேதி அவரும் அதே ஊரில் தலை வெட்டப்பட்டுத்தான் செத்தார். வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொண்டார். ஓடிப்போனவர் என்ற பேச்சுக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ரோமையில் நொவாசியன். நன்றாகப் படித்தவர், நன்றாக எழுதுகிறவர், மூவொரு கடவுளைப் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் மதிக்கப்படுகிறது. ஃபபியானுக்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ரோமைக்கு ஆயரே இல்லை. 251இல் கொர்னேலியுஸைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் திரும்பி வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்கிற பக்கம். நொவாசியன் தனக்கும் ஆயர் பட்டம் வாங்கிக்கொண்டு தனியாக நின்றார். அவர் நிலைப்பாடு அரக்கத்தனமானது இல்லை, அதைச் சரியாகச் சொல்ல வேண்டும். கடவுள் இவர்களை மன்னிக்கலாம், அது கடவுளின் காரியம், இவர்கள் சாகும்வரை தவம் செய்யட்டும்; ஆனால் திருச்சபைக்கு இவர்களைத் திரும்பச் சேர்க்க அதிகாரம் இல்லை என்றார். சித்திரவதை பட்டவர்களிலேயே சிலர் முதலில் அவர் பக்கம் போனார்கள், பிறகு திரும்பினார்கள். சுத்தமான சபை என்ற கனவுக்கு அப்படி ஒரு ஈர்ப்பு உண்டு. நம் ஊர் பங்குகளிலும், அதாவது கோயில் வட்டாரங்களிலும், அந்தக் கனவு காண்கிறவர்கள் குறைவில்லை. யார் யாருக்கு நற்கருணை (பூசையில் தரும் அப்பமும் இரசமும்) கொடுக்கக் கூடாது என்று பட்டியலே வைத்திருப்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பெயர்க் குழப்பம் வேண்டாம், இவர் வேறு ஆள்: கார்த்தேஜில் நொவாத்துஸ் என்று ஒரு குரு. எல்லோரையும் உடனே சேர்த்துக்கொள் என்று சிப்ரியானுக்கு எதிராகக் கொடி பிடித்த கூட்டத்தைச் சேர்ந்தவர். அவர் கப்பலேறி ரோமைக்குப் போனார். போய் யாரோடு சேர்ந்தார்? யாரையும் சேர்க்காதே என்று சொன்ன நொவாசியனோடு. வரலாற்றாசிரியர்கள் இதற்கு அரசியல் காரணம் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். எனக்கு அதில் பெரிய முரண்பாடு தெரியவில்லை. எல்லோருக்கும் ஆமாம் என்பதும் எல்லோருக்கும் இல்லை என்பதும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: இரண்டிலும் வாசலில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நுமேரியாவா கான்டிடாவா, பாதியில் இறங்கினவளா முழுக்க ஏறினவளா, யாருக்காகப் போனாள், அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்று எதையும் கேட்க வேண்டாம். ஒரே வரியில் முடிந்துவிடும்.

கேட்டது சிப்ரியான். அந்தோனியானுஸ் என்ற சக ஆயருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் இது வருகிறது. முதல் சத்தத்துக்கே ஓடிப்போய்ப் பலியிட்டவனையும், நெடுநேரம் போராடிப் பார்த்து வேறு வழியில்லாமல் பலியிட்டவனையும் ஒன்றாக வைக்க முடியுமா என்கிறார். தன்னோடு பெண்டாட்டி பிள்ளைகள் குடும்பம் முழுவதையும் பலிபீடத்துக்கு இழுத்துப் போனவன் ஒருத்தன். தான் ஒருவனே எல்லோருக்கும் பதிலாகப் போய்ப் பலியிட்டு, மனைவியையும் பிள்ளைகளையும் வீட்டையும் அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றியவன் இன்னொருத்தன். இருவரும் சட்டப்படி செய்தது ஒன்றுதான். எல்லாப் பாவமும் சமம் என்று ஸ்தோயிக் தத்துவக்காரர்கள் சொல்லட்டும், நமக்கு அது ஆகாது என்று நொவாசியனைக் குத்துகிறார். தவம் செய் என்று சொல்லிவிட்டு மன்னிப்புக் கிடையாது என்பது, ஒரு விவசாயியிடம் நன்றாக உழு, விதை, களை எடு, ஆனால் அறுவடை மட்டும் கிடைக்காது என்று சொல்வது மாதிரி என்கிறார். யார் உழுவான்?

அந்தக் குடும்பத்துக்காகப் போன மனிதனைப் பற்றி எனக்கு நிறைய யோசனை. மன்னிப்பு என்றால் செய்ததை மறந்துவிடுவது என்று நாம் வழக்கமாகப் பேசுகிறோம். சிப்ரியான் மறக்கவில்லை. அவன் செய்தது தவறு என்பதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை, அவனும் தவம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் எப்படி விழுந்தான் என்பதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறார். கிறிஸ்தவம் கடவுளின் இரக்கம் என்று சொல்வது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது என்று எனக்குப் படுகிறது. வரி வசூலித்த சக்கேயுவைப் பெயர் சொல்லி மரத்திலிருந்து இறங்கச் சொன்னார் இயேசு, அவன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார், அப்புறம்தான் அவன் நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். எரிகோவில் வரி வசூலித்த எல்லோருக்கும் பொதுமன்னிப்பு என்று அங்கே யாரும் அறிவிக்கவில்லை.

251இல் ஆப்பிரிக்க ஆயர்கள் கூடி முடிவெடுத்தார்கள். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை, ஒவ்வொருவருடைய வழக்கையும் தனித்தனியே விசாரித்துச் சேர்த்துக்கொள்வது. பலியிட்டவர்கள் தவம் தொடர வேண்டும், சாகும் தறுவாயில் அவர்களுக்குச் சமாதானம் கொடுக்கப்படும். தவமே செய்யாமல் இருந்துவிட்டு நோய் முற்றிய பிறகு மட்டும் கேட்கிறவர்களுக்குக் கிடையாது, அவர்களைக் கேட்கத் தூண்டியது சாவு பயம், பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாபம் இல்லை என்று சிப்ரியான் காரணம் சொன்னார்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு அவரோடு ஒத்துப்போக முடியவில்லை. சிலுவையில் வலதுபக்கம் தொங்கிய கள்ளனுக்கு எத்தனை நாள் தவம்? சாவு பயம் இல்லாமலா அவன் பேசினான்? சபையும் பின்னால் சிப்ரியானை இந்த இடத்தில் திருத்திக்கொண்டது. 325இல் ஆயர்களின் பொதுக்கூட்டமான நிசேயா சங்கம், சாகும் தறுவாயில் யார் நற்கருணை கேட்டாலும் ஆயர் விசாரித்துக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தது. அதே மாதிரி, விழுந்தவர்கள் துணிந்து நற்கருணை வாங்கினால் என்ன ஆகும் என்று அவர் சொல்கிற பயமுறுத்தல் கதைகளும் எனக்குப் பிடிப்பதில்லை. படையல் ஊட்டப்பட்ட ஒரு கைக்குழந்தை, பின்னால் நற்கருணை இரசத்தை வாந்தி எடுத்ததாம். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது ஐயா?

இதே சமயம் எகிப்தில் நடந்த ஒரு சம்பவத்தை அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் சொல்கிறார். செராப்பியோன் என்று ஒரு கிழவர். பல காலம் நல்ல விசுவாசியாக இருந்து, கடைசியில் பலியிட்டுவிட்டவர். எவ்வளவோ கெஞ்சியும் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. படுக்கையில் விழுந்தார், மூன்று நாள் பேச்சு மூச்சில்லை. நாலாம் நாள் நினைவு திரும்பியதும் பேரனைக் கூப்பிட்டு, எத்தனை நேரம் என்னைப் பிடித்து வைத்திருப்பீர்கள், ஓடிப்போய் ஒரு குருவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். இரவு நேரம். குருவுக்கும் காய்ச்சலோ என்னவோ, எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகிறவர்கள் கேட்டால், அதுவும் ஏற்கனவே கேட்டிருந்தால், மன்னிப்புக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆயர் சொல்லி வைத்திருந்தார். குரு நற்கருணையில் ஒரு சின்னத் துண்டைப் பையன் கையில் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தா வாயில் விடு என்று சொல்லி அனுப்பினார். பையன் உள்ளே வருவதற்குள் கிழவர் விழித்து, வந்துவிட்டாயா, குருவால் வர முடியவில்லை போலிருக்கிறது, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய், என்னை அனுப்பிவிடு என்றார். பையன் நனைத்து வாயில் விட்டான். விழுங்கினார். போய்விட்டார்.

ஒரு சின்னப் பையன் கையில் நற்கருணையைக் கொடுத்து ராத்திரியில் தெருவில் அனுப்பியதை இன்றைக்கு எந்தப் பங்கில் ஒத்துக்கொள்வார்கள்? தியோனீசியுஸ் இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நொவாசியனின் கண்டிப்புக் கட்சிப் பக்கம் சாய்ந்திருந்த அந்தியோக்கியாவின் ஆயர் ஃபபியுஸுக்கு எழுதிய கடிதத்தில்தான் இதைச் சொன்னார்.

கார்த்தேஜில் மறுபடியும் துன்புறுத்தல் வரப்போகிற அறிகுறி தெரிந்தது. 252, 253 வாக்கில் ஆயர்கள் மீண்டும் கூடினார்கள். இந்த முறை, இவ்வளவு நாளும் வாசலை விட்டுப் போகாமல் தவம் இருந்த பலியிட்டவர்களுக்கும் உடனே சமாதானம் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். காரணத்தை கொர்னேலியுஸுக்கு எழுதினார்கள்: இவர்களைப் போருக்குத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது, ஆயுதமில்லாமல் அனுப்பக் கூடாது; ஆண்டவருடைய கிண்ணத்தைக் குடிக்க விடாமல் வேதசாட்சியக் கிண்ணத்தைக் குடி என்று எப்படிச் சொல்வது? முதல் முறை விழுந்தவர்கள் அடுத்த முறை நிற்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நிற்கட்டும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். நல்லவர்களுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி வைத்திருந்த நற்கருணை, பலவீனர்களுக்குச் சோறாக மாறியது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

நொவாசியன் கட்சி உடனே அழிந்துவிடவில்லை, பல நூற்றாண்டு இருந்தது. நிசேயா சங்கத்துக்கு வந்த அவர்களுடைய ஆயர் அசேசியுஸ், பெரும் பாவம் செய்தவர்களைச் சபையில் சேர்க்க முடியாது என்று பேரரசர் கான்ஸ்டன்டைனிடம் விளக்கினாராம். கேட்டுவிட்டு, 'அப்படியானால் அசேசியுஸ், ஒரு ஏணியை எடுத்துப் போட்டுத் தனியாகவே மோட்சத்துக்கு ஏறிக்கொள்ளும்' என்றாராம் கான்ஸ்டன்டைன். ஏகப்பட்ட கொலைகளைக் கணக்கில் வைத்திருந்த, ஞானஸ்நானத்தைச் சாகிற வரைக்கும் தள்ளிப்போட்ட ஒரு ராஜா சொன்னது என்பதையும் சேர்த்து யோசித்தால் இன்னும் நன்றாக இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைப் போட்டுவிடுவார்: அதெப்படி, எல்லா அநியாயமும் பண்ணிவிட்டுச் சாமியிடம் போய்ச் சொன்னால் போதுமா? கேட்கிறவர் வெளியாள் இல்லை, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்தான். ஊதாரி மகன் கதையில் வயலிலிருந்து வந்து, உள்ளே போக மாட்டேன் என்று வெளியிலேயே நின்ற மூத்தவன் மாதிரி அவர்கள் என்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவன் என்ன ஆனான் என்று கேட்காத மன்னிப்பு லூசியனின் சீட்டு மாதிரிதான்.

பாவத்துக்கு வருந்திச் சொல்லும்படி என் ஆச்சி சொல்லிக்கொடுத்த உத்தம மனஸ்தாப மந்திரத்தில் 'இனிமேல் ஒருபொழுதும் இப்படிப்பட்ட பாவங்களைச் செய்வதில்லை என்று கெட்டியான மனதுடனே பிரதிக்கினை செய்கிறேன்' என்று ஒரு வரி வரும். சிறுவயதில் அதை மூச்சுவிடாமல் ஒப்பிப்போம். அதே ஆச்சி சொல்லுவார், ஊரில் ஒருத்தர் தம்பிக்கு வள்ளத்தில் சேர வேண்டிய பங்கை அமுக்கிவிட்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாராம். 'முதல்ல தம்பி வீட்டுக்குப் போயிட்டு வாரும், நான் இங்கதான் இருப்பேன்' என்று சாமியார் சொல்லிவிட்டாராம். மனிதருக்கு மகா கோபம். மன்னிக்கிறதுதானே இவர் வேலை, தம்பி வீட்டுக் கணக்கு இவருக்கு எதற்கு என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்துத்தான் போனாராம்.

இன்றைக்கு ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் எங்கள் கோயிலில் பாவசங்கீர்த்தன வரிசை மாதா கெபியைத் தாண்டி நிற்கும். பக்கத்துப் பங்குகளிலிருந்தும் குருக்கள் வந்து உட்காருவார்கள். ஆளுக்கு இரண்டு நிமிஷம். வெளியே வருகிற எல்லோருக்கும் பரிகாரமாகக் கொடுக்கிற அபராதம் ஒன்றுதான்: ஒரு பரலோக மந்திரம், மூன்று அருள் நிறைந்த மந்திரம். பரீட்சையில் பார்த்து எழுதிய பையனுக்கும் அதுதான், பெண்டாட்டியை அடிக்கிறவருக்கும் அதுதான். ஸ்தோயிக் தத்துவக்காரர்கள் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். குருக்களைக் குறை சொல்லவில்லை, நூறு பேர் நின்றால் அவர்தான் என்ன செய்வார்.

இந்த அவசரத்தைச் சபைச் சட்டமே யோசித்து வைத்திருக்கிறது. கப்பல் மூழ்குகிறது, போர்முனை, தனித்தனியே கேட்க நேரமில்லை என்றால் எல்லோருக்கும் சேர்த்துப் பொதுவாகப் பாவமன்னிப்புக் கொடுக்கலாம். ஆனால் கனமான பாவம் உள்ளவர் பிறகு வசதிப்படும்போது தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அதைப் பெற முடியும். 252, 253 வாக்கில் கார்த்தேஜ் ஆயர்கள் யோசித்த யோசனையின் சாயல் அதில் அப்படியே இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, தொற்று கடுமையான இடங்களில் இந்த வழியைப் பயன்படுத்தலாம் என்று வத்திக்கான் அறிவித்ததும் இதன்படிதான். ஆபத்து முடிந்த பிறகு எத்தனை பேர் தனியாகப் போய்ச் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அதனால் வாட்ஸப் குழுவில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பெரிய வாரத்துக் கூட்டத்தில் போகாதீர்கள். ஒரு சாதாரண செவ்வாய், புதன் சாயங்காலம், பூசை முடிந்த பிறகு, சாமி, எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் வேண்டாம் என்றால் பங்கு வீட்டு வராந்தாவில் நாற்காலி போட்டுக்கூடக் கேட்பார்கள். எப்படி ஆரம்பித்தது, யாருக்காகச் செய்தீர்கள், யாருக்கு நஷ்டம், இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேள்வி வரும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.